பரப்பளவு பார்த்தோம், ஓரத்தை மறந்தோம்

எங்கள் அறைக் கட்டிலுக்குக் கீழே 27 பெனல் பலகைகள் ஏழு மாதம் கிடந்தன. கட்டில் ஆறரை அடி, பலகை ஒன்பதரை அடி. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நீட்டிக்கொண்டு கிடந்ததில், சுபஹுக்கு எழும்பி இருட்டில் நடக்கும்போது எங்கள் இருவரின் கால்விரலும் மாறி மாறி இடிபட்டதுதான் மிச்சம்.

இப்போது ஹோலுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கியது, எவ்வளவு முடிந்தது, யார் அடித்தது என்று கேட்கிறார்கள். சிலர் போட்டோ எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போகிறார்கள். அவர்களும் எங்களைப் போலவே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுவோம் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் கணிதம், மற்றவர் ஆரம்பப் பிரிவு. வேலி அடிக்கச் சுற்றளவு பார், தரைக்கு ஓடு பதிக்கப் பரப்பளவு பார் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்தப் பாடத்தில் நாங்களே பெயில் ஆன கதைதான் இது.

வீடு வாப்பா கட்டியது. எங்களில் ஒருவருக்கு அவர் வாப்பா, மற்றவருக்கு மாமா. எழுதும்போது இருவருக்கும் வாப்பாவாகவே இருக்கட்டும். மேசன் வேலை செய்த மனிதர். பகலில் ஊராருக்குக் கட்டி, பின்னேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் மகளுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் எங்கள் பகுதி வழக்கத்தைப் பற்றி எங்களுக்கு வேறு கருத்து உண்டு. அதை இன்னொரு நாளைக்கு எழுதுகிறோம். அந்த வழக்கத்துக்காக அவருடைய முழங்கால்கள் தேய்ந்து போனதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம். இப்போது வேலைக்குப் போவதில்லை. ஹோலில் ஜன்னலோரம் போட்ட கதிரைதான் அவருடைய இடம்.

நாங்கள் இருப்பது கல்முனைக் கரையோரம். இரண்டு வருடமாக மாரி மழை தொடங்கினால் ஹோலின் ஒரு சுவரில் மட்டும் கீழே மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூக்கத் தொடங்கியிருந்தது. பெயின்ட் செதில் செதிலாகக் கழன்று விழும். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் சுரண்டிப் பெயின்ட் அடிப்போம், அடுத்த மாரிக்குள் பழையபடி ஆகிவிடும். கடற்கரை மண்ணில் கட்டியிருப்பார், பூச்சில் உப்பு இருக்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அவர் முன்னால் பேசியதில்லை. ஆனால் சின்ன வீடு. சுவருக்கும் காது உண்டு என்பார்கள், கதிரையில் இருந்தவருக்கு இல்லாமலா போகும்?

அந்த நேரத்தில்தான் தங்கச்சியின் நிக்காஹ் ஏப்ரலில் என்று முடிவானது. அவளுடைய வீட்டு வேலை முடியவில்லை, அதனால் வைபவம் எங்கள் ஹோலில். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே அந்தச் சுவர். கூடப் படிப்பிக்கும் ஒருவரின் வீட்டில் வரிவரியாக மேடு பள்ளம் வைத்த தேக்கு நிறப் பெனல் அடித்திருந்ததைப் பார்த்தோம். அதை அடித்தால் உப்பும் மறையும், ஹோலும் அழகாகும். இடர் கடனுக்கு விண்ணப்பித்தோம். வாப்பாவிடம் சொன்னபோது அவர் சுவரை ஒருமுறை பார்த்தார். "உங்கட ஊடு, உங்கட விருப்பம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சில்லாமையை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கடையில் சுவரின் அளவைக் கேட்டார்கள். நீளம் 14 அடி, உயரம் 9 அடி. 126 சதுர அடி. பலகை ஒன்று ஒன்பதரை அடி நீளம், 160 மில்லிமீற்றர் அகலம், ஏறத்தாழ 5 சதுர அடி. பிரித்தால் 25 சொச்சம். 26 எடுங்க, கைகாவலுக்கு ஒன்று கூட எடுங்க என்றார்கள். 27. கணக்கைக் கையடக்கத் தொலைபேசியில் நாங்களே இன்னொருமுறை போட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டினோம். காசு கட்டும்போது கடைப் பையன் "பீடிங்?" என்று கேட்டான். ஓரத்துக்கு அடிக்கும் சட்டத்தைத்தான் இங்கே பீடிங் என்போம். அது பிறகு பார்ப்போம், முதலில் பலகை ஏறட்டும் என்றோம். எப்படியும் தேவைப்படும் என்று அவர்களாகவே நாலைந்து நீட்டுப் பீடிங் கட்டி வைத்தார்கள். எந்தப் பெனலுக்கும் இது சரிவரும் என்றார்கள்.

சரிவரவில்லை. எங்கள் பலகையின் தடிப்பு 24 மில்லிமீற்றர். அவர்கள் தந்த பீடிங்கின் வாய் 10 மில்லிமீற்றர். அது மெல்லிய சீலிங் பெனலுக்கு உரியது. பலகை அதற்குள் நுழையவே நுழையாது. மேலே ஒட்டினாலும் பலகையின் மேடுகள் பீடிங்கைத் தாண்டி வெளியே நிற்கும். சேட்டின் கை கோட்டுக் கையை விட நீளமாக இருப்பது போல.

அடிக்க வந்தவன் எங்களிடம் படித்த பிள்ளை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையவில்லை. சீலிங், பெனல் வேலை பழகி இப்போது அவனுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வந்ததும் கட்டிலுக்குக் கீழே இருந்த பலகைகளைப் பார்க்கவில்லை. சுவரின் நாலு பக்கத்தையும் கையால் தடவிக்கொண்டு போனான்.

"சேர், இது எங்கால துவங்கி எங்கால முடியிது?"

புரியவில்லை. சுவர் தொடங்கும் இடத்தில் தொடங்கி முடியும் இடத்தில் முடிகிறது.

"பலக நடுவுக்குத்தானே சேர். நடுவுல எவனும் புழ உடமாட்டான். ஓரத்த முதல்ல சொல்லுங்க."

அவன் பென்சிலால் சுவரிலேயே எழுதினான். இடப்பக்கம் இரண்டு சுவர் சந்திக்கும் உள்மூலை. வலப்பக்கம் பக்கவாசல் நடைக்குத் திரும்பும் வெளிமூலை. மேலே சீலிங். கீழே தரை. நாலு ஓரமும் நாலு விதம். உள்மூலைக்குப் பலகை நுழைந்து நிற்கும் யூ வடிவச் சட்டம் வேண்டும். வெளிமூலைக்கு இரண்டு பக்கமும் மடிந்து மூடும் எல் வடிவம். மேலே பலகையின் வெட்டிய வாயையும் சீலிங்கின் கோணலையும் மறைக்கும் அகலமான பட்டை. கீழே தண்ணீரும் தும்புத்தடியும் படும் இடம், அதற்கு உயரமான ஸ்கேட்டிங்.

பிறகு அவன் சொன்னதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. இந்த நாலில் ஒன்று பலகைக்கு முன்னால் அடிபட வேண்டியது, மற்றவை பலகைக்குப் பின்னால். யூ சட்டத்தை முதலில் சுவரில் பூட்டி, அதற்குள் பலகையைச் சொருக வேண்டும். பலகையை அடித்துவிட்டுப் பிறகு யூ சட்டம் வாங்கிவந்தால் பலகையைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. எல் வடிவமும் மேல் பட்டையும் ஸ்கேட்டிங்கும் கடைசியில் வந்து மூடலாம். முதலில் பலகை ஏறட்டும் என்று நாங்கள் கடையில் சொன்னது, அத்திவாரத்தைப் பிறகு பார்ப்போம் என்று மேசனிடம் சொன்னது போல.

அடுத்தது எண்ணிக்கை. பலகையின் அகலம் 160 மில்லிமீற்றர் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகைக்குள் போய்விடுகிறது. வெளியே தெரிவது 150. சுவர் 4267 மில்லிமீற்றர். 150 ஆல் பிரித்தால் 28 பலகை, மீதி 67. ஆக 29 வேண்டும். கையில் 27. அது மட்டுமல்ல, ஒவ்வொரு பலகையிலும் அரை அடி வெட்டி எறியப்படுகிறது. அந்த அரை அடிகளைப் பொருத்தி முழுப் பலகை ஆக்க முடியாது. சதுர அடிக் கணக்கில் இந்த இரண்டும் வரவே வராது. கணித ஆசிரியர் வாயடைத்துப் போனார்.

அவன் இன்னும் முடிக்கவில்லை. ஸ்கேட்டிங் வரும் இடத்தில் கையை வைத்தான். எடுத்துப் பார்த்தான். விரலில் வெள்ளையாக உப்பு.

"இதுக்கு மேல நான் அடிக்க மாட்டன் டீச்சர். பலகைக்கி ஒண்டும் ஆகா. பின்னால அடிக்கிற ரீப்பை உக்கும், மணக்கும். ரெண்டு வருசத்துல என்னத்தான் ஏசுவீங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டான்: "இந்தச் செவர் யாரு கட்டின?"

"நான்தான்" என்று கதிரையிலிருந்து குரல் வந்தது.

அந்தப் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்களுக்கு அதைவிட. வாப்பா எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அவன் கை வைத்த அதே இடத்தில் கை வைத்தார். பிறகு பக்கவாசலால் வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம்.

வெளியே வளவு. இரண்டு வருடத்துக்கு முன் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டபோது ஒழுங்கை உயர்ந்து எங்கள் வளவு பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று நாங்கள்தான் லோட் மண் அடித்து உயர்த்தி, சுவரோடு ஒட்ட இன்டர்லொக் கல் பதித்தோம். அழகாக இருந்தது. போட்டோவும் போட்டோம்.

வாப்பா சுவரோரம் குந்த முடியாமல், கைத்தடியால் ஒரு கல்லைத் தட்டிக் காட்டினார். "அத்திவாரத்துக்கு மேல தார் பூசி டீபீசி போட்டிரிக்கன் மகள். நிலத்து ஈரம் அதத் தாண்டி மேல ஏறா. நீங்க மண்ண அதுக்கு மேல கொண்டு வந்திட்டீங்க. ஈரம் இப்ப சைட்டால உள்ளுக்குப் போகிது."

நாங்கள் ஒரு கல்லைக் கிளப்பித் தோண்டிப் பார்த்தோம். ஒரு சாணுக்கும் கீழே அந்தக் கறுப்புக் கோடு இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வெடிப்பில்லாமல்.

இது ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டோம். "செவர் சரியில்ல எண்டு நீங்க கதச்சீங்க. நான் என்னத்தச் சொல்ற?" என்றார்.

அன்றைக்கு இரவு எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருடமாக எங்கள் பிழையை அவருடைய சுவரில் ஏற்றி வைத்திருந்தோம். கடன் எடுத்துப் பலகை வாங்கியதும் அந்தப் பிழையை மூடத்தான். பீடிங் பற்றி யோசிக்காமல் போனதற்கும் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மூடுவதே நோக்கம் என்றால் நடுவைத்தான் பார்ப்போம். நன்றாக முடிக்க வேண்டும் என்று நினைக்கிறவன்தான் ஓரத்தைப் பார்ப்பான்.

நிக்காஹுக்கு இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் அவசரமாக ஏதாவது செய்து பலகையை ஏற்றலாமா என்று ஆளுக்கு ஆள் கேட்டோம். வாப்பா சொன்னது ஒரே வசனம்: "ஈரத்த மூடி வெச்சா அது போகா."

சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு இன்டர்லொக் கல்லைக் கழற்றினோம். மண்ணை டீபீசிக்கு அரை அடி கீழ் வரை தோண்டி எடுத்து, தண்ணீர் ஓடிப்போகச் சரிவு வைத்துச் சல்லி போட்டோம். உள்ளே, உப்பேறிய பூச்சைக் கறைக்கு மேல் ஓர் அடி கூட்டி, நாலு அடி உயரம் வரை கொத்தி எடுத்தோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பக் கல்லுக்குள் போய்விடும் என்று வாப்பா கதிரையில் இருந்தபடி பத்து முறையாவது சொல்லியிருப்பார். பிறகு காய விட்டோம்.

ஏப்ரலில் காயவில்லை. தங்கச்சியின் நிக்காஹ் நாலு அடிக்குச் செங்கல் தெரியும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நடந்தது. துணி கட்டி மறைப்போமா என்று பேசினோம், பிறகு வேண்டாம் என்று விட்டோம். வலியாக இருந்து மகளை ஒப்புக்கொடுக்க வாப்பா உட்கார்ந்த இடம் அந்தச் சுவரோரம். முதுகைச் சாய்த்தபோது வெள்ளைச் சேட்டில் செங்கல் தூசு படிந்தது. மாப்பிள்ளையின் வாப்பா தட்டிவிட்டார். சுவர் வேலையோ என்று கேட்டார். "ஓம், காயுது" என்றார் வாப்பா. அவ்வளவுதான். நாங்கள் நாலு மாதமாகப் பயந்த விஷயம் அந்த இரண்டு சொல்லில் முடிந்தது.

கச்சான் காற்று எழும்பியதும் சுவர் வேகமாகக் காய்ந்தது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்களுக்கு ஜூனில் வியர்த்தது. புதுப் பூச்சுப் பூசி, அதுவும் காய்ந்து, ஓகஸ்ட் விடுமுறையில் வியர்க்கவில்லை.

இந்த முறை ஓரத்தில் இருந்து தொடங்கினோம். பையன், வாப்பா, நாங்கள் இருவர், ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் எழுதியதை அப்படியே தருகிறோம். சுவருக்குச் சுவர் அளவு மாறும், முறை மாறாது.

முதலில் சுற்றளவு. 14, 14, 9, 9. மொத்தம் 46 அடி. பீடிங் ஒன்பதரை அடி நீளத்தில் வருகிறது. பிரித்தால் 5 போதும் போலத் தெரியும். போதாது. நாலு ஓரமும் நாலு வடிவம் என்பதால் ஒன்றின் மீதியை மற்றதுக்குப் பாவிக்க முடியாது. மேலுக்கு 2, கீழுக்கு 2, பக்கங்களுக்கு ஒவ்வொன்று. 6. வெட்டுப் பிழைத்தால் என்ன செய்வது என்று ஸ்கேட்டிங்கில் ஒன்று கூட எடுத்தோம். பிழைத்தது. நல்ல காலம் எடுத்திருந்தோம்.

இரண்டாவது தடிப்பு. பலகையில் ஒரு துண்டு வெட்டிக் கையோடு கடைக்குக் கொண்டு போனோம். 24 மில்லிமீற்றர் பலகைக்கு உள்வாய் 25 இருக்கும் யூ சட்டம். அதற்குள் துண்டைச் சொருகிப் பார்த்துத்தான் காசு கட்டினோம். படத்தைக் காட்டி வாங்காதீர்கள், துண்டைக் கொண்டு போங்கள்.

மூன்றாவது நிறம். எங்களுக்குப் பளபளக்கும் தங்க நிறப் பட்டையில் ஆசை. பையன் வேண்டாம் என்றான். பளபளப்பும் மாற்று நிறமும் கண்ணை ஓரத்துக்கு இழுக்கும், ஓரம் நேராக இல்லாவிட்டால் அந்தக் கோணலை எல்லோருக்கும் காட்டிக் கொடுக்கும். பலகையின் நிறத்திலேயே மங்கலாக எடுத்தால் மன்னித்துவிடும். பழைய வீடுகளுக்கு மன்னிக்கிற நிறமே நல்லது. ஆணியும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்காத எவர்சில்வர். கடற்காற்றில் இரும்பு ஆணி சீக்கிரமே கண்ணீர் வடித்த மாதிரிக் கறை விடும்.

நாலாவது கோணல். வாப்பா தன்னுடைய பழைய தூக்குக் குண்டையும் மூலைமட்டத்தையும் எடுத்துவரச் சொன்னார். சீலிங் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 12 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. 20 மில்லிமீற்றர் பட்டை அடித்தால் அந்தச் சரிவை மறைத்துப் பலகையின் வாயையும் மூட மீதி போதாது. அதனால் மேலுக்கு 40 மில்லிமீற்றர் எடுத்தோம். ஸ்கேட்டிங்கைப் பக்கத்துச் சுவருக்கும் மடித்துக்கொண்டு போகலாமா என்று பார்க்க, உள்மூலையில் தரையில் ஒரு சுவரோரம் 3 அடி, மறு சுவரோரம் 4 அடி குறித்துக் குறுக்கே அளந்தோம். பைதகரஸ் தேற்றப்படி 5 அடி வர வேண்டும். 5 அடி அரை அங்குலம் வந்தது. மூலை 90 இல்லை, 91 பாகை. 45, 45 என்று வெட்டினால் வாய் பிளந்து நிற்கும், நாற்பத்தைந்தரை வெட்ட வேண்டும். வாப்பா சிரித்தார். "அண்டைக்கி மூலமட்டம் தேஞ்சி கிடந்திச்சி" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சுவரைப் பற்றி அவர் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஸ்கேட்டிங்கை மூலையிலேயே நிறுத்திக்கொண்டோம்.

வடிவம் வேறு வேறாக இருக்கும் இரண்டு பீடிங்குகளை 45 இல் வெட்டிச் சேர்க்க முயலாதீர்கள், பொருந்தாது. ஸ்கேட்டிங் நீளத்துக்குப் போகட்டும், நிற்கும் பீடிங் அதன் மேல் வந்து குந்தட்டும். 14 அடியில் வரும் ஒட்டை மட்டும் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்தால் கோடு தெரியாது.

ஐந்தாவது பங்கீடு. இடமிருந்து முழுப் பலகையாக அடித்துக்கொண்டே போனால் வலப்பக்கம் 67 மில்லிமீற்றர் கீற்று ஒன்று மிஞ்சும், பார்க்க அசிங்கம். நடுவில் 27 முழுப் பலகை வைத்தால் இரண்டு ஓரத்திலும் 108 சொச்சம் சமமாக வருகிறது. இரண்டு கணக்கிலும் பலகை 29 தான். ஒரு சதம் கூடாமல் சுவர் அழகாகிவிடுகிறது. குறைந்த 2 பலகைகளை வாங்கப் போனபோது நிறம் ஒரு பொட்டு மாறியிருந்தது. வேறு லொட்டில் வந்ததாம். நல்ல வேளையாக எங்களுக்குத் தேவைப்பட்டதும் ஓரத்துக்கு இரண்டு. வெட்டுப்பட்டு, ஒன்று யூ சட்டத்துக்குள்ளும் மற்றது எல் சட்டத்துக்குப் பக்கத்திலும் போய்விட்டதால் இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இதை வாசித்த பிறகு வருகிறவர்கள் தேடுவார்கள், பரவாயில்லை.

ஆறாவது இடைவெளி. பிவிசி சூட்டில் நீளும். ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர். மாரி விடியலுக்கும் கச்சான் நண்பகலுக்கும் 10 பாகை வித்தியாசம் என்று வையுங்கள். எங்கள் சுவரில் உயரத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல், அகலத்துக்கு இரண்டரை. நாலு பக்கமும் 5 மில்லிமீற்றர் விட்டோம். விடாமல் முட்ட அடித்தால் பலகை நடுவில் பிதுங்கும். அந்த இடைவெளியை மூடத்தான் பீடிங். அழகுக்கு வருவது அடுத்தபடி. பீடிங்கைச் சுவரோடு மட்டும் பூட்ட வேண்டும். பலகையோடும் சேர்த்து ஒட்டிவிட்டால் பலகை அசைய இடமில்லாமல் போய், விட்ட இடைவெளி வீணாகிவிடும்.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. முதல் நாள் முழுக்க யூ சட்டமும் ரீப்பையும்தான். முதல் பலகையை மூலையோடு பார்க்காமல் வாப்பாவின் தூக்குக் குண்டோடு பார்த்து நிறுத்தினோம். மூலை கொஞ்சம் சாய்ந்திருந்ததை யூ சட்டத்தின் உதடு மூடிக்கொண்டது. முதல் பலகை நேராக நின்றால் மற்ற 28 உம் தானாகவே நேராக நிற்கும். வகுப்பறையிலும் அதுதானே.

இரண்டாம் நாள் பின்னேரம் எல் சட்டம், மேல் பட்டை. கடைசியாக ஸ்கேட்டிங். பையன் சிலிக்கன் துவக்கை எடுத்துக்கொண்டு வந்தான். பூசினால் ஸ்க்ரூ தலை தெரியாமல் துப்புரவாக இருக்கும் என்றான். வாப்பா மறித்தார். இதை ஒட்ட வேண்டாம், ஸ்க்ரூவால் பூட்டு, கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். பையன் மறு பேச்சில்லாமல் துவக்கை வைத்துவிட்டு ட்ரில்லை எடுத்தான். போகும்போது வாப்பாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு, தூக்குக் குண்டு எங்கே வாங்கியது என்று கேட்டான். அவர் அதை அவனிடமே கொடுத்துவிட்டார்.

உங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டுதான். கடைக்குப் போக முன் சுவரின் நாலு ஓரத்தையும் ஒரு தாளில் கீறி, ஒவ்வொன்றிலும் பலகை எப்படி முடிகிறது, அதற்கு எந்தச் சட்டம், அது பலகைக்கு முன்னா பின்னா என்று எழுதுங்கள். எழுத முடியாத ஓரம் ஒன்று இருந்தால் பலகை வாங்க வேண்டாம். அடுத்தது, எதை மூடப் போகிறீர்கள் என்று பாருங்கள். இருக்க வேண்டிய இடைவெளியை மூட பீடிங் இருக்கிறது. இருக்கக் கூடாத ஈரத்தை மூட ஒன்றும் இல்லை. அந்தச் சுவரைக் கட்டியவர் உயிரோடு இருந்தால், ஆளைப் பற்றிப் பேச முன் ஆளிடம் பேசுங்கள்.

போன கிழமை இந்த மாரியின் முதல் பெரிய மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் வாப்பா ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். ஸ்கேட்டிங்கின் ஒரு துண்டைக் கழற்றினோம். குந்த முடியாததால் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே கையை விட்டுச் சுவரைத் தடவினார். எடுத்த கையை எங்களுக்குக் காட்டினார்.

காய்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

"பூட்டுங்க" என்றார். பூட்டினோம்.